ஊர் கூடிக் கேட்கும் விலை

திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் வட எல்லையில், துறையூரைத் தாண்டிப் பச்சைமலையின் அடிவாரத்தை ஒட்டிக் கிடக்கும் உப்பிலியபுரத்தையும் அதைச் சூழ்ந்த வைரிசெட்டிபாளையம், சோபனாபுரம், எரகுடி முதலிய ஊர்களையும் போன்ற வேளாண் ஊர்கள் தமிழகத்தில் எண்ணற்றவை. அவற்றில் எதை எடுத்துக்கொண்டாலும், ஊரின் நடுவே யாருடைய தனிச்சொத்தும் அல்லாத, ஆனால் எல்லாரும் தம்முடையது என்று பேசுகிற ஏதேனும் ஒரு பழங்கட்டடம் இருக்கும்: ஊரார் கூடி வழக்குப் பேசிய சாவடி, திருவிழாவில் சாமி இறங்கி இளைப்பாறும் மண்டபம், தேர் நிற்கும் நிலை, கூரையில் அரசங்கன்று முளைத்துவிட்ட அம்மன் கோயில். இக்கட்டடங்கள் சிதையும்போது செப்பனிடும் பொறுப்பு யாருடையது என்ற கேள்விக்கு முக்கால் நூற்றாண்டுக்கு முன்வரை விடை தெளிவாகவே இருந்தது. கோயிலுக்கென்று விடப்பட்ட நிலத்தின் விளைச்சல், துறையூர் ஜமீன் போன்ற பாளையக்கார மரபினரின் கொடை, ஊர்ப் பெருங்குடிகளின் முறைப்படியான பங்களிப்பு ஆகியவை சேர்ந்து அந்தச் செலவைத் தாங்கின. 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டமும், 1963இன் இனாம் ஒழிப்புச் சட்டங்களும் நில உறவை மாற்றியமைத்தன. அந்த மாற்றம் உழுதவனுக்குச் செய்த நன்மையை இங்கே எடைபோட வேண்டியதில்லை. ஆனால் பழைய புரவலர் போனபின் அவர் இடத்தில் வந்தது தஸ்திக் என்று வழங்கும் படித்தொகை மட்டுமே. பறிபோன வருவாய் உரிமைக்கு ஈடாக அரசு ஆண்டுதோறும் கோயிலுக்குத் தரும் இத்தொகை, நிர்ணயிக்கப்பட்ட காலத்தின் விலைவாசியோடு உறைந்துபோனதால், இன்று பல கோயில்களில் சில மாத விளக்கெண்ணெய்க்குக்கூட அது போதாது.

அரசு இந்த இடைவெளியைக் காணாமல் இல்லை. அறநிலையத்துறை அண்மை ஆண்டுகளில் கிராமப்புறக் கோயில்கள் 1,250, ஆதிதிராவிடர், பழங்குடியினர் குடியிருப்புகளில் உள்ள கோயில்கள் 1,250 என்று ஆண்டுக்கு 2,500 கோயில்களுக்குத் திருப்பணி நிதியாகத் தலா 2 லட்சம் ரூபாய் வழங்கியது. ஒரு சிறு விமானத்துக்குச் சாரம் கட்டி, சுதைச் சிற்பியை அழைத்து வந்து, குடமுழுக்கு நடத்தி, ஊருக்குச் சோறிடுவதற்குள் அதுபோலப் பல மடங்கு கரைந்துவிடும். கோயில் அல்லாத சாவடிக்கோ மண்டபத்துக்கோ அந்தத் தொகையும் கிடையாது. மீதியை ஊர்தான் திரட்ட வேண்டும்.

ஊர் திரட்டும் முறைகளில் முதலில் நிற்பது தலைக்கட்டு வரி. தலைக்கட்டு என்பது திருமணமாகித் தனி அடுப்பு வைத்த ஓர் ஆண்மகனைத் தலைவனாகக் கொண்ட குடும்பக் கணக்கு. வரி என்பது அத்தகைய ஒவ்வொரு குடும்பமும் கொடுத்தாக வேண்டிய சமத்தொகை. கூலிக்கு உழுபவனுக்கும் பத்து ஏக்கர்க்காரருக்கும் ஒரே தொகை என்பதால் பொருளியல் நோக்கில் இது நியாயமற்ற வரி. ஆனால் கிராமத்து அரசியல் நோக்கில் இதன் பொருள் வேறு. வரி கொடுத்தவன் ஊர்க்கூட்டத்தில் பேசலாம், பிரசாதத்தில் பங்கு கேட்கலாம், தேர்வடத்தைத் தொடலாம். வரி ஒரு சுமை என்பதைவிட உறுப்பினர் சீட்டு என்பதே பொருத்தம். அதனால்தான் தமிழக ஊர்ச் சச்சரவுகளில், வரி கொடுக்க மறுத்தவர்களைப் பற்றிய வழக்குகளைவிட, வரி வாங்க மறுக்கப்பட்டவர்களின் வழக்குகள் கசப்பானவையாக இருக்கின்றன. பட்டியல் சாதிக் குடும்பங்கள் பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு ‘எங்களிடமும் வரி வாங்குங்கள்’ என்று கேட்பதும், ஊர்ப் பெரியவர்கள் ‘உங்கள் பணம் வேண்டாம், வந்து கும்பிட்டுப் போங்கள்’ என்று பெருந்தன்மை காட்டுவதும், அந்தப் பெருந்தன்மைக்குள் இருக்கும் விலக்கை இரு தரப்பும் ஐயமின்றி அறிந்திருப்பதும் பல மாவட்டங்களில் நடந்தவை. ஒரு கட்டடத்தை எழுப்பப் பணம் கொடுப்பது அக்கட்டடத்தில் உரிமை கொள்வது என்பதை ஊர் எந்தச் சட்ட நூலையும் படிக்காமலேயே தெரிந்து வைத்திருக்கிறது.

வரிக்கு அடுத்தது மண்டகப்படி. திருவிழாவின் ஒரு நாளையோ வழிபாட்டின் ஒரு பகுதியையோ ஒரு குடும்பமோ சாதியோ தொழிற்கூட்டமோ பரம்பரையாக ஏற்று நடத்தும் உரிமை அது. அதில் செலவும் மரியாதையும் பிரிக்க முடியாதபடி பின்னிக் கிடக்கின்றன. மூன்றாவது மொய். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் மொய் விருந்து என்ற பெயரில் பெருந்தொழில்போல் வளர்ந்திருக்கும் இம்முறையில், எழுதப்பட்ட ஒவ்வொரு தொகையும் பின்னொரு நாள் கூடுதலோடு திரும்பிச் செல்ல வேண்டிய கடன். கட்டடத்துக்கு மொய் எழுத முடியாது, ஏனெனில் கட்டடம் திருப்பிச் செய்யாது. எனவே கட்டடத்தைப் பொறுத்தவரை வரிக்கும் மண்டகப்படிக்கும் அப்பால் ஊருக்கு எஞ்சியிருப்பது ஏலம்.

ஊர்ப்புறக் கோயில்களில் திருவிழா முடிந்த கையோடு நடக்கும் ஏலத்தின் அமைப்பு பெரும்பாலும் ஒரே மாதிரிதான். சாமி முன் வைத்துப் பூசை செய்யப்பட்ட தேங்காய், எலுமிச்சம்பழம், கரும்பு, மஞ்சள், அம்மனுக்குச் சாத்திய சேலை ஆகியவை ஒவ்வொன்றாக எடுக்கப்படும். ஒலிபெருக்கியைப் பிடித்திருப்பவர் தொடக்க விலை சொல்வார். கேட்பவர் தம் பெயரையும் வகையறாவையும், அதாவது தம் கிளைக் குடும்பத்தின் பெயரையும் சேர்த்தே விலை கேட்பார். ஒரு தரம், இரண்டு தரம் என்று நிறுத்தி, கூட்டத்தை ஒருமுறை சுற்றிப் பார்த்து, மூன்றாம் தரத்தை முடிந்தவரை தாமதப்படுத்துவதே ஏலம் கூறுபவரின் திறமை. விழுப்புரம் மாவட்டம் திருவெண்ணெய்நல்லூருக்கு அருகிலுள்ள ஒட்டனந்தல் ரத்தினவேல் முருகன் கோயிலில் பங்குனி உத்திர விழாவின் ஒன்பது நாளும் வேலில் செருகப்படும் எலுமிச்சைகள் இவ்வாறு ஏலம் போவது ஊடகச் செய்தியாகிப் பலரும் அறிந்தது. 2024இல் ஒன்பது பழங்களும் சேர்ந்து 2 லட்சத்து 36 ஆயிரம் ரூபாய்க்குப் போயின. முதல்நாள் பழம் மட்டும் 50,500 ரூபாய். குழந்தைப் பேறு வேண்டும் தம்பதியர் அப்பழத்தை வாங்கி உண்பது வழக்கம். ஐதராபாத்தின் விளிம்பிலுள்ள பாலாப்பூரில் பிள்ளையார் கையில் வைக்கும் 21 கிலோ லட்டு, 1994இல் 450 ரூபாய்க்குத் தொடங்கி 2024இல் 30 லட்சத்து ஆயிரம் ரூபாயைத் தொட்டது; அப்பணம் ஊரின் கோயில்களுக்கும் பிற பொதுப்பணிகளுக்கும் செலவாகிறது. ஈழத்துக் கோயில்களின் மாம்பழத் திருவிழாவில் ஒரே ஒரு மாம்பழம் இலங்கை ரூபாயில் லட்சத்தைத் தாண்டுவதும், தென்னிந்தியத் திருச்சபையின் ஊர்ச் சபைகளில் அறுப்பின் பண்டிகையன்று காணிக்கையாக வந்த பூசணிக்காயும் சேவலும் வீட்டில் சுட்ட கேக்கும் சந்தை விலையைப் பல மடங்கு கடந்து கைமாறுவதும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவையே. சமயம் மாறினாலும் ஒலிபெருக்கியின் உற்சாகம் மாறுவதில்லை.

ஐந்து ரூபாய்ப் பழத்துக்கு ஐம்பதாயிரம் ரூபாய் கொடுக்கும்போது அங்கே நடப்பது வாங்கலா, கொடையா? கொடை என்றால் பழம் எதற்கு. உண்டியலில் போட்டுவிட்டுப் போகலாம். வாங்கல் என்றால் அந்த விலைக்கு எந்தக் கணக்கும் ஒத்துவராது. இரண்டும் கலந்த இந்த நிலையிலேயே ஊர் ஏலத்தின் ஆற்றல் இருக்கிறது. பழத்தின் விலைக்கும் கேட்ட விலைக்கும் உள்ள இடைவெளிதான் கூரையைச் செப்பனிடுகிறது. அதே இடைவெளிதான் கேட்டவரின் பெயரை ஓராண்டுக்கு ஊர் வாயில் வைக்கிறது. உண்டியலில் விழும் பணத்துக்குச் சாட்சி கிடையாது. ஏலத்தில் ஊரே சாட்சி. போட்டியிட்டுத் தோற்றவர்தான் வென்றவருடைய கொடையின் அளவை ஊருக்குக் காட்டுகிறார். ஒரு பங்காளி நாற்பதாயிரம் கேட்காவிட்டால் இன்னொரு பங்காளியின் ஐம்பதாயிரம் யார் கண்ணிலும் படாது. அறநோக்குள்ள காரியம் ஒன்று குடும்பப் பகையின் சூட்டில் வேகமாக வேகிறது என்பதைச் சொல்லக் கூச வேண்டியதில்லை. ஏலம் கூறுபவர் அதை நன்றாகவே அறிவார், அதனால்தான் அவர் யாரைப் பார்த்து மூன்றாம் தரத்தை நிறுத்த வேண்டும் என்று தேர்ந்து நிறுத்துகிறார்.

பொருளியலாளர் இதை வேறு கோணத்தில் அணுகியிருக்கின்றனர். ‘ஜர்னல் ஆஃப் பொலிட்டிகல் எக்கானமி’ என்ற ஆய்விதழில் 2005இல் நால்வர் எழுதிய கட்டுரை, அறநிதி திரட்ட வழக்கமான ஏலம் சிறந்த வழியன்று என்று கணித முறையில் வாதிட்டது. அவர்கள் காட்டும் காரணம் எளியது. திரளும் பணத்தால் எல்லாருக்கும் நன்மை உண்டு என்றால், பக்கத்தில் இருப்பவர் கேட்ட விலையை மீறி ஒருவர் கேட்கும்போது, அவர் தம் கைப்பணத்தை இழப்பதோடு, பக்கத்தில் இருப்பவர் கொடுத்திருக்கக்கூடிய பணத்தின் நன்மையையும் இழக்கிறார். எனவே கை தானாகவே சற்றுத் தாழ்கிறது. வென்றவர் மட்டும் பணம் கட்டுவதைவிட எல்லாரும் கட்டும் முறை, அதாவது சீட்டு வாங்கிய அனைவரின் பணமும் சேர்ந்துவிடும் குலுக்கல் போன்றது, கூடுதலாகத் திரட்டும் என்பது அவர்கள் முடிவு. யாழ்ப்பாணப் பொது நூலகத்தின் வரலாறு இதற்கு ஒரு பக்கத்துணை. 1950களில் நகரத் தலைவர்கள் அந்நூலகத்துக்கென்று பெருங்கட்டடம் எழுப்ப முனைந்தபோது களியாட்ட விழா, கலை நிகழ்ச்சிகள், அதிர்ஷ்டச் சீட்டு என்று பலர் சிறுதொகை தரும் வழிகளையே நாடினர். 1959இல் திறக்கப்பட்ட அந்த மாளிகைக்குள் ஏழையின் சீட்டுக் காசும் செங்கல்லாக இருந்தது. 1981இல் அது ஏறத்தாழ 97,000 நூல்களோடு எரிக்கப்பட்டபோது ஏற்பட்ட துயரம் அறிவுத்துறையினரோடு நின்றுவிடாமல் நகரம் முழுவதற்கும் உரியதாக இருந்ததில், அது கட்டப்பட்ட பணத்தின் தன்மைக்கும் பங்கு உண்டு என்று கருத இடமிருக்கிறது. 1990களின் இறுதியில் இலங்கை அரசு அதை மீளக் கட்ட நூலும் செங்கல்லும் தருமாறு நாட்டு மக்களைக் கேட்டபோது தமிழர் பலர் தயங்கினர்; எரித்தவர் தரப்பே செங்கல் திரட்டுவதை ஏற்பதா, இடிபாட்டை நினைவுச் சின்னமாக விட்டுவைப்பதா என்று விவாதம் எழுந்தது. பணம் போதாமை அந்த விவாதத்தின் பொருளே அல்ல.

ஆயினும் அந்தப் பொருளியல் வாதம் ஊர் ஏலத்தை முழுமையாக விளக்கிவிடவில்லை. அது கணக்கிடாமல் விட்டது பெயரை. கிராமத்தில் ஏலம் கேட்பவர் கூரை செப்பனிடப்படுவதால் தமக்குக் கிடைக்கும் நன்மையை எண்ணிக் கை உயர்த்துவதில்லை. பெயருக்காகக் கேட்கும் இந்த ஏலத்துக்கு எதிர்நிலையை அதே கிராமத்திலேயே காணலாம்: ஏலச்சீட்டு. இருபது பேர் மாதந்தோறும் ஒரு தொகை போட்டுச் சேர்க்கும் பணத்தை, யார் அதிகத் தள்ளு கேட்கிறாரோ, அதாவது யார் அதிகக் கழிவுக்கு ஒப்புக்கொண்டு குறைத்து வாங்க முன்வருகிறாரோ அவர் எடுத்துக்கொள்ள, கழிவு மற்றவர்களுக்குப் பங்காகிறது. அங்கே உயர்த்திக் கேட்பது தேவையின் அழுத்தம்; மகள் கலியாணமோ மருத்துவச் செலவோ நெருங்கியவர் கேட்கும் தள்ளில் மற்றவர்கள் லாபம் காண்கின்றனர். கோயில் ஏலத்தில் உயர்த்திக் கேட்பது வசதியின் பெருமிதம். ஒரே ஊரார், ஒரே ஒரு தரம் இரண்டு தரம், ஆனால் ஒன்றில் இல்லாதவர் இழக்கிறார், மற்றதில் இருப்பவர் இழப்பதுபோல் காட்டி வேறொன்றை ஈட்டுகிறார்.

பொதுவில் விலை கூறும் வழக்கம் இந்த மண்ணுக்குப் புதிதன்று. வாங்குவார் உண்டா என்று விற்பவர் கூறவும் வாங்குபவர் முன்வந்து கேட்கவும் இருவரும் ஒத்த விலை முடிவாயிற்று என்ற நடைமுறையைச் சோழர் காலத்து விலையாவணங்கள் மரபுச் சொற்களில் பதிவு செய்கின்றன. சிவன் கோயில் சொத்துக்களின் பொறுப்பாளராகக் கருதப்பட்ட சண்டேசுவரர் பெயரால் நடந்த விற்பனை சண்டேசுவரப் பெருவிலை எனப்பட்டது. அரசு பறிமுதல் செய்த நிலத்தை விற்றபோது ராஜராஜப் பெருவிலை என்ற பெயர் வழங்கியது. பெருவிலை என்பதை ஆய்வாளர் பொது ஏலம் என்றே கொள்கின்றனர். சிறு கொடையாளருக்கு அக்காலத்தில் வேறு வழி இருந்தது: ஒரு நந்தாவிளக்கு, அதாவது அணையா விளக்கு எரிய 90 அல்லது 96 ஆடுகளை விட்டால், ஆடுகள் செத்தாலும் ஈன்றாலும் எண்ணிக்கை குறையாமல் காக்கும் பொறுப்பு இடையரைச் சேர, விட்டவர் பெயர் கல்லில் ஏறியது. யாரோடும் போட்டி போடாமல் பெயர் பெறும் அந்த ஏற்பாட்டில் ஓர் அமைதி இருந்தது.

போட்டிக்கு இடம் தந்த ஏலம் எதையெல்லாம் விற்பனைப் பொருளாக்கலாம் என்பதற்கு எல்லை வகுத்துக்கொள்ளாமல் போனதன் விளைவைத் தமிழகம் 2019 டிசம்பரில் கண்டது. ஊரக உள்ளாட்சித் தேர்தலையொட்டிக் கடலூர் மாவட்டம் நடுக்குப்பத்தில் ஊராட்சித் தலைவர் பதவி 50 லட்சத்துக்கும் துணைத்தலைவர் பதவி 15 லட்சத்துக்கும் ஏலம் போனதாக வந்த செய்தி நாடெங்கும் பேசப்பட்டது. இத்தகைய ஏலங்களுக்கு ஊர்ப் பெரியவர்கள் சொல்லும் நியாயம் எப்போதும் ஒன்றுதான்: தேர்தலில் வாக்காளருக்குத் தனித்தனியாகப் போகும் பணம் மொத்தமாகக் கோயிலுக்கு வந்தால் ஊருக்கு நல்லதுதானே. எலுமிச்சம்பழத்துக்குப் பொருந்திய தர்க்கம் பதவிக்கு நீட்டப்படும்போது எங்கே முறிகிறது என்பதை விளக்கப் பெரிய கோட்பாடு தேவையில்லை. பழம் ஏலம் போனால் யாருக்கும் இழப்பில்லை. பதவி ஏலம் போனால் ஊரில் உள்ள ஒவ்வொருவரின் வாக்கும் அவர் கேட்காமலேயே விற்கப்படுகிறது, அதிலும் ஏலத்துக்கு அழைக்கப்படாத பெண்களின் வாக்கும் சேரித்தெருவின் வாக்கும் முதலில் விற்கப்படுகின்றன. அதே டிசம்பரில் சாத்தூருக்கு அருகிலுள்ள கோட்டைப்பட்டியில், தலைவர் பதவியைக் கூட்டம் போட்டு முன்கூட்டியே முடிவு செய்வதை எதிர்த்துக் கேட்ட இளைஞர் ஒருவர் அடித்துக் கொல்லப்பட்டார்.

ஏலத்துக்குள் நுழையாமல் பெருந்தொகை திரட்டி முடித்த ஒரு கட்டடம் உப்பிலியபுரத்திலிருந்து எட்டும் தொலைவில், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே நிற்கிறது. திருவரங்கத்தின் தெற்கு வாயிலில் விசயநகர மன்னன் அச்சுததேவராயர் காலத்தில் தொடங்கப்பட்டதாகச் சொல்லப்படும் கோபுரம், கல்லால் ஆன அடிப்பகுதியோடு நின்றுபோய், ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் மொட்டைக் கோபுரம் என்ற பெயரோடு கிடந்தது. அகோபில மடத்தின் 44ஆம் பட்டம் அழகியசிங்கர், தம் முதிர்ந்த வயதில் அதை முடிக்கும் பணியை ஏற்று 1979இல் தொடங்கினார். 1987 மார்ச் 25 அன்று குடமுழுக்கு நடந்தது. 13 நிலைகள், 236 அடி உயரம். அங்கே கையாளப்பட்ட உத்தி கவனிக்கத்தக்கது. கோபுரத்தின் நிலைகள் தனித்தனிக் கொடையாளருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டன; இசையமைப்பாளர் இளையராஜா ஒரு நிலைக்கான செலவை ஏற்றார் என்பது பலரும் அறிந்தது. முழுநிலையை ஏற்க முடியாத எண்ணற்றோர் சிறுதொகை அளித்தனர். நிலைகளுக்கு விலை கூறி யாரும் போட்டியிடவில்லை. ஒரு நிலையின் செலவு என்னவோ அதுதான் அதன் விலை. மண்டகப்படியின் தர்க்கம் கட்டடக் கணக்கோடு சேர்ந்த வடிவம் என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் கோபுரத்துக்கு இருந்த வசதி எல்லாக் கட்டடத்துக்கும் இல்லை. நிலை என்பது கீழிருந்து பார்த்தால் தெரியும், எண்ணலாம், இது இன்னார் தந்தது என்று விரல் நீட்டலாம். பழுதுபார்க்கும் பணியின் பெரும்பகுதி அவ்வாறு தெரிவதில்லை. அடைபட்ட மழைநீர்த் தூம்பு, கல்லிடுக்கில் பரவிய வேர், சாய்ந்த தூணுக்கடியில் மண்ணிறக்கம், ஒழுகும் தளத்தில் சுண்ணாம்புக் கலவை மாற்றல் ஆகியவற்றைச் செய்து முடித்தபின் பார்ப்பவர் கண்ணுக்கு எதுவும் நடந்ததாகவே தோன்றாது. பெயருக்காகத் தரப்படும் பணம் இவற்றை நாடுவதில்லை. புதிய முகப்பு, பளிங்குத் தரை, எனாமல் வண்ணம், வரவேற்பு வளைவு, மின்விளக்கு ஆகியவற்றையே நாடுகிறது. தமிழகத்துச் சிற்றூர்ப் பழங்கட்டடங்கள் பல, பணமில்லாமல் சிதைந்ததைவிடப் பணம் வந்தபின் அழிந்தவை. ஓட்டுக்கூரைச் சாவடி இடிக்கப்பட்டுக் காங்கிரீட் மண்டபம் எழுவதும், கல்தூண்களில் மணல்வீச்சு அடித்து எழுத்துகளை உதிர்ப்பதும், சுண்ணாம்புக் காரையின் மேல் சிமெண்ட் பூசி ஈரத்தை உள்ளே பூட்டுவதும் நல்ல நோக்கத்தோடு நடக்கும் கேடுகள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து எடுத்த வழக்கில் 2021 ஜூன் 7 அன்று 75 நெறிமுறைகளை வகுத்து, பழங்கோயில்களையும் தொல்சின்னங்களையும் காக்க நிபுணர் அமைப்பு வேண்டும் என்று வலியுறுத்தியது இந்தக் கவலையில்தான். அத்தீர்ப்பின் கை பெருங்கோயில் வரை நீளும். ஊர்ச்சாவடியை அது எட்டுவது அரிது.

தெரியாத வேலைக்குப் பணம் கிடைத்தால் என்ன நடக்கும் என்பதற்கும் திருவரங்கமே சான்று. 2015 குடமுழுக்கை ஒட்டி அங்கே நடந்த திருப்பணியில், பின்னாளில் எழுந்த தடுப்புகளும் கட்டடங்களும் அகற்றப்பட்டுத் திருச்சுற்றுகள் திறக்கப்பட்டன. பழைய மழைநீர் வடிகால் அமைப்பு மீட்கப்பட்டு வெள்ளம் தேங்குவது குறைந்தது. மரபுவழிப் பொருள்களும் கைவினைஞர்களும் முதன்மை பெற்றனர். அரசும் பெருந்தொழில் நிறுவனக் கொடையும் பொதுமக்கள் காணிக்கையும் சேர்ந்த அந்தப் பணிக்கு 2017இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமைப் பாதுகாப்புக்கான தகுதி விருது கிடைத்தது. வடிகாலுக்கு விருது கிடைத்ததை உப்பிலியபுரம் போன்ற ஊர்களின் திருப்பணிக் குழுக்கள் கவனிப்பது பயன் தரும். தூர் வாரிய தூம்புக்குச் சிற்றூரில் யார் பெயரும் பொறிக்கப்படுவதில்லை. பொறிக்கக் கூடாது என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை.

பணத்தின் தன்மையோடு அதன் வேகமும் கட்டடத்தைத் தொடுகிறது. குடமுழுக்குக்கு முகூர்த்த நாள் குறித்துவிட்டால் அதற்குள் எல்லாம் முடிந்தாக வேண்டும். முடிய வேண்டும் என்றால் சிமெண்ட்தான் வழி. சுண்ணாம்பு நேரம் கேட்கும் பொருள். கிளிஞ்சலோ சுண்ணாம்புக்கல்லோ சுட்டு எடுத்ததை நீரில் நீற்றி, நாள்கணக்கில் ஊறவைத்து, கடுக்காயும் பனைவெல்லமும் ஊறிய நீரோடு மணல் சேர்த்து அரைத்து, மெல்லிய பூச்சாகப் பல முறை பூசி, ஒவ்வொரு பூச்சும் காற்றிலிருந்து கரியமிலவாயுவை மெல்ல உறிஞ்சி இறுகக் காத்திருக்க வேண்டும். அவசரக் காசுக்கு இது ஒத்துவராது.

ஊர் ஏலத்தின் ஒரு பலவீனம் இங்கே எதிர்பாராமல் பயன்படக்கூடும். ஏலம் கேட்டவர் அன்றே பணம் கட்டுவது பல ஊர்களில் கட்டாயமன்று. அடுத்த ஆண்டுத் திருவிழாவுக்குள் கட்டினால் போதும், கட்டாதவர் பெயர் அடுத்த ஏலத்துக்கு முன் ஒலிபெருக்கியில் வாசிக்கப்படும். இந்த ஏல பாக்கியைத் திருப்பணிக் குழுக்கள் தொல்லையாகவே காண்கின்றன; வட்டிக்கு வாங்கி வேலையை முடித்துவிட்டுப் பாக்கிக்கு அலைகின்றன. அப்படி வாங்காமல், வந்த பணத்துக்கு வந்த அளவு என்று ஆண்டுக்கு ஒரு சுவர், ஒரு தளம் எனப் பணியைப் பிரித்துக்கொண்ட குழுவுக்கு இரண்டு நன்மைகள். சுண்ணாம்பு இறுகுவதற்கு வேண்டிய காலம் கிடைக்கிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏலத்துக்கு முன் ஊரார் நடுவில் கணக்கு வாசிக்க வேண்டியிருப்பதால், எந்த வேலை நடந்தது, எது நிற்கிறது, யாரிடம் வரி வாங்கப்பட்டது, யாரிடம் வாங்கப்படவில்லை என்பவையும் அதே ஒலிபெருக்கியில் சொல்லப்பட்டாக வேண்டும்.